ஃப்ளெக்ஸ் பேனரும் ஃப்ளெக்ஸ் வாலும்

நம்ம ஊர்ல ஃப்ளெக்ஸ்னா என்னன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். முச்சந்தியில நாலு கம்பு நட்டு, யாரோ ஒருத்தர் சிரிக்கிற படத்தைப் பெருசா அடிச்சுக் கட்டுறது. காத்தடிச்சா படபடன்னு ஆடும். விஷயம் ஒண்ணும் இருக்காது, விளம்பரம் மட்டும்தான். ஹைட்ரோஃபாயில் பலகைக்குச் சாமான் விக்கிறவங்களும் இப்போ 'ஃப்ளெக்ஸ் டெயில்'னு ஒண்ணைக் கட்டி ஆட்டிக்கிட்டு இருக்காங்க. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

ஹைட்ரோஃபாயில்னா என்னன்னு கேக்குற மக்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. (தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க.) 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல, மார்செய் கடல்ல, பட்டம் மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, கால் பலகை தண்ணியைத் தொடாம பறந்தாங்களே, பார்த்தீங்களா? அதுதான். பலகைக்கு அடியில ஒரு கம்பம் (மாஸ்ட்). கம்பத்தோட அடியில ஒரு தண்டு. தண்டோட முன்னால ஒரு பெரிய இறக்கை, பின்னால ஒரு குட்டி இறக்கை. ஆகாய விமானத்தைத் தண்ணிக்குள்ள முக்கி வச்ச மாதிரி. வேகம் வந்ததும் முன் இறக்கை உங்களைத் தூக்கும். பலகை தண்ணிக்கு மேல வந்துடும். சத்தமே இருக்காது. அனுபவிச்சாத்தான் தெரியும்!

பின்னால இருக்குற குட்டி என்ன பண்ணுது? பெரும்பாலான செட்டப்புல அது தூக்குறதில்லை, கீழ அழுத்துது. வால் கீழ அழுந்தினா மூக்கு மேல வரும். அந்தச் சமநிலையிலதான் பலகை நேரா போகுது. சிக்கல் எங்கன்னா, தண்ணியோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா, அதே கோணத்துக்கு விசை நாலு மடங்கு. வேகம் கூடக் கூட வால் இன்னும் அழுத்தும், மூக்கு இன்னும் எகிறும், நீங்க முன்னங்காலை இன்னும் அமுக்கணும். அரை மணி நேரத்துல தொடை 'அம்மா'ங்கும்.

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1906ல இத்தாலியில மாஜோரே ஏரியில ஃபோர்லானினி ஹைட்ரோஃபாயில் படகு ஓட்டினப்பவே ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்கா இறக்கை வச்சார். படகு மேல எழும்ப எழும்ப, மேல்படி இறக்கைகள் தண்ணியை விட்டு வெளிய வந்துடும். தூக்கு விசை தானா குறையும். மாத்ங்கிற சின்னப் பாய்மரப் படகுல முன்னால ஒரு குச்சி தண்ணியைத் தடவிக்கிட்டே போகும். படகோட உயரத்தைப் பார்த்து அந்தக் குச்சி இறக்கையோட மடிப்பை ஏத்தி இறக்கும். எல்லாமே ஒரே விஷயத்துக்குத்தான்: ஓட்டுறவன் கவனிக்காமலே விசை தன்னைத்தானே சரிபண்ணிக்கணும். நம்ம பலகையில ஏணியும் இல்லை, குச்சியும் இல்லை. கண்ட்ரோலர் முழுக்க நம்ம ரெண்டு கால்தான்.

வளையுற வால் இறக்கை உண்மையில செய்யுற வேலை இதுதான். வேகம் கூடி அழுத்தம் ஏறினதும், இறக்கையோட பின் ஓரமும் முனையும் அழுத்தத்துக்கு விட்டுக்கொடுத்துக் கீழ வளையும். கோணம் குறையும். அழுத்தம் நாலு மடங்குக்குப் போகாம கொஞ்சம் கீழயே நிக்கும். மெதுவா போறப்ப திரும்பப் பழைய கோணம். விண்ட்சர்ஃபிங் துடுப்புலயும் பாயிலயும் இதைப் பல வருஷமா பண்றாங்க. நல்ல விஷயம்! இதை இப்படியே சொல்லி வித்தா நான் ஏன் இங்க வந்து தொண்டை கிழியக் கத்தப் போறேன்? ஆனா கடையில சொல்ற காரணம் வேற. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் ஜல்லி: "வளையுறப்ப சக்தியைச் சேமிச்சு, திருப்பிக் குடுக்கும். பம்ப் பண்றது சுலபம்."

பம்ப்னா காத்தும் அலையும் இல்லாம, பலகையைக் காலால ஏத்தி இறக்கியே முன்னால போறது. நாய் மாதிரி மூச்சு வாங்கும். வால் இறக்கை ஸ்பிரிங் மாதிரி சக்தியைத் திருப்பிக் குடுக்குதாம். சரி, கணக்குப் போடுவோமா? பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். வால் மேல 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான விசை விழுது, முனை 1 செ.மீ. வளையுதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம். சேமிக்கிற சக்தி, விசையையும் வளைவையும் பெருக்கி அதுல பாதி: 0.25 ஜூல். 75 கிலோ ஆள் ஒரு பம்புக்கு உடம்பை 10 செ.மீ. தூக்குறார்னு வைங்க. 75 ஜூல். முன்னூத்துல ஒரு பங்கு! முன்னூறு ரூபாய் செலவு பண்ணி ஒரு ரூபாய் கேஷ்பேக் வாங்குற கதை. அதுக்கு 'எனர்ஜி ரிட்டர்ன்'னு பேர் வேற.

ரெண்டாம் ஜல்லி: "டால்ஃபின் வாலைப் பாருங்க, வளையுது இல்ல?"

வளையுதுங்க, யார் இல்லைன்னா? டால்ஃபினோட வால் மடல்கள்ல எலும்பே கிடையாது, நடுவுல வர்ற முதுகெலும்பு மட்டும்தான். மத்தது கெட்டியான இணைப்புத் திசு. அடிச்சு நீந்துற இறக்கை ஓரளவு வளைஞ்சா திறன் கூடும்னு 1978லயே காட்ஸ், வைஸ்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. உந்துவிசை கொஞ்சம் குறையும், திறன் கூடும்னு. ஆனா டால்ஃபினுக்கு வால்தான் எஞ்சின். நம்ம பலகைக்கு எஞ்சின் காலும் முன் இறக்கையும். பின்னால இருக்குறது பேலன்ஸுக்கு வச்ச குட்டி. லாரியோட பின் லைட்டை மாத்திட்டு மைலேஜ் கூடிடுச்சுன்னா நம்புவீங்களா? டால்ஃபினைக் காட்டி விக்கணும்னா முன் இறக்கையை வளைச்சுக் காட்டட்டும்.

மூணாம் ஜல்லி: "ஓட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

இதுதான் இருக்குறதுலயே டேஞ்சரான ஜல்லி. ஏன்னா ஓட்டிப் பார்த்தா நிஜமாவே தெரியும்! முன்னங்கால் லேசாகும். ஆனா அது வளைஞ்சதால தெரிஞ்சுதா, கோணம் குறைஞ்சதால தெரிஞ்சுதா? வாலுக்கும் தண்டுக்கும் நடுவுல ஷிம்னு ஒரு மெல்லிசு ஆப்பு வச்சு அரை டிகிரி, ஒரு டிகிரி மாத்தலாம். கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற சாமான். விறைப்பான வாலுக்கு ஷிம் போட்டுச் சரிபண்ணிட்டு அப்புறம் ஒப்பிட்டாத்தான் அது ஒப்பீடு. அப்படி யாரும் செஞ்சு காட்டுறதில்லை. புது வால் மாட்டுறாங்க, ஒரு ரவுண்டு போறாங்க, 'ப்பா, வேற லெவல்'ங்கறாங்க. பொட்டி தட்டுற நம்ம ஆட்கள் ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டு 'பக் ஃபிக்ஸ் ஆயிடுச்சு'ன்னா டீம் லீடர் சும்மா விடுவாரா?

அதனால நாங்களே செஞ்சு பார்த்தோம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா ஓரம் ஃபாஸ்டர் சிட்டி கரையில கோடை மதியத்துல காத்து நல்லா வரும். மூணு பேர். ஒரே அச்சுல வெட்டின ரெண்டு வால். ஒண்ணு ஜி10ங்கிற கண்ணாடி இழைத் தகடு, இன்னொண்ணு அதே தடிமன்ல கார்பன் தகடு. கார்பன் நல்ல விறைப்பு. ரெண்டையும் ஒரே மாதிரி தேய்ச்சு, ஒரே கறுப்பு பெயிண்ட். மாட்டுறவர் ஒருத்தர், ஓட்டுறவர் இன்னொருத்தர். எது மாட்டியிருக்குன்னு ஓட்டுறவருக்குச் சொல்லக் கூடாது, அவர் கையால வளைச்சும் பார்க்கக் கூடாது.

ரெண்டு வாலையும் ஒரே கோணத்துல வச்சப்ப மூணு பேருமே எது வளையுறதுன்னு சரியா சொன்னாங்க. கார்பன் வாலுக்கு ஷிம் வச்சு அரை டிகிரி தளர்த்தினதும்? வழக்கமான வேகத்துல ஒருத்தராலயும் சொல்ல முடியலை. சண்டை போட்டுக்கிட்டதுதான் மிச்சம் :-) வித்தியாசம் தெரிஞ்சது ரெண்டு ஓரத்துல மட்டும். மெதுவா கிளம்புறப்ப வளையுற வால் மூக்கை நல்லாத் தூக்கிக் குடுத்துது, தளர்த்தின கார்பன் சோம்பேறித்தனம் பண்ணுச்சு. திடீர்னு காத்து அடிச்சு வேகம் எகிறினப்ப வளையுற வால்ல முன்னங்கால் வலி குறைச்சல். ஆனா அதே வேகத்துல மூக்கு மேலயும் கீழயும் லேசா ஊசலாடுச்சு.

ஆக, கிடைக்கிறது சக்தியும் இல்லை, டால்ஃபினும் இல்லை. ஒரே ஷிம்ல கொஞ்சம் அகலமான வேக வரம்பு, அவ்வளவுதான். அதுக்கு விலையும் உண்டு. அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்குற வால், பலகையை நிலையா பிடிச்சு வைக்கிற வேலையிலயும் விட்டுக்கொடுக்கும். எந்த வேகத்துல நிலை அதிகமா வேணுமோ, அந்த வேகத்துலதான் அது குறையுது. பத்து நாட்ல கத்துக்குறவருக்கு இது வரம். இருபத்தஞ்சு நாட்ல பறக்குறவருக்குத் தலைவலி. இதை எந்தக் கடையில சொல்றான்?

இன்னொரு கோஷ்டியையும் விட மாட்டேன். 'விறைப்பா இருக்குறதுதான் நல்ல சாமான், வளையுறது எல்லாம் மட்டம்'னு சாமியாடுற கார்பன் பக்தர்கள். அய்யா, வளையுறது குத்தம் இல்லை, எந்தப் பக்கம் வளையுதுங்கறதுதான் கேள்வி. இறக்கை பின்னோக்கிச் சாய்ஞ்சிருந்தா வளையுறப்ப அழுத்தம் குறையும். முன்னோக்கிச் சாய்ஞ்சிருந்தா வளைய வளைய அழுத்தம் கூடும், கூடக் கூட இன்னும் வளையும். 1984ல அமெரிக்காவுல பறந்த எக்ஸ்-29 விமானத்துக்கு முன்னோக்கிச் சாய்ஞ்ச இறக்கை. அது முறுக்கிப் பிய்ச்சுக்காம இருக்க, கார்பன் இழையை எந்தத் திசையில அடுக்குறதுன்னு கணக்குப் பண்ணி அடுக்கினாங்க. அதே கார்பன், அதே இழை. வித்தியாசம் கணக்குல இருக்கு, பொருள்ல இல்லை.

என் கோபம் எல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லாம விக்கிறாங்களேங்கறதுதான். ஒரு கடைக்கு (பேர் வேண்டாம்) மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன்: இத்தனை கிலோ தொங்கவிட்டா உங்க வால் முனை எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்? வந்த பதில்: 'இது மீடியம் ஃப்ளெக்ஸ்.' மீடியமா? நான் என்ன காபிக்குச் சர்க்கரையா கேட்டேன்?

அம்பு விக்கிறவனைப் பாருங்க. 28 அங்குல இடைவெளியில அம்பை ரெண்டு பக்கமும் தாங்கி, நடுவுல 880 கிராம் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்யுதுன்னு அளந்து, அந்த நம்பரை அம்பு மேலயே அச்சடிச்சு விக்கிறான். அரை அங்குலம் தொய்ஞ்சா 500. ஒத்தை அம்புக்கு இந்த மரியாதை. ஆளையே தாங்கிப் பறக்குற சாமானுக்கு 'மீடியம்'!

இது காசு விஷயம் மட்டும் இல்லைங்க. ஜி10 தகடு வளைஞ்சு வளைஞ்சு களைச்சுப் போனா, திருகு ஓட்டையைச் சுத்தி வெள்ளையா கோடு விழும். உள்ள விரிசல் ஆரம்பிச்சிருக்கலாம்னு அர்த்தம். வேகத்துல போறப்ப வால் ஒடிஞ்சா கீழ அழுத்துற விசை போயிடும், மூக்கு குப்புறப் பாயும். நீங்க முன்னால பறந்து விழுவீங்க, உங்க பின்னாலயே கத்தி மாதிரி ஓரம் வச்ச முன் இறக்கை வரும். எவ்வளவு வளைஞ்சா பாதுகாப்புன்னு சொல்லாம, 'வளையுது பாருங்க'ன்னு கையால ஆட்டிக் காட்டி வித்தா எப்படி?

வாங்கப் போற மக்கா, மூணே மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு எடைக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்? எத்தனை டிகிரி முறுக்கும்? விறைப்பான வாலுக்கு ஷிம் போட்டு ஒப்பிட்டீங்களா? பதில் வரலைன்னா வீட்லயே அளந்துக்கலாம். வாலோட நடுவை மேஜையில கிளாம்ப் போட்டு இறுக்குங்க. கடல்ல எந்தப் பக்கம் அழுத்துமோ, அந்தப் பக்கம் கீழ பார்க்கணும். முனையில 2 கிலோ அரிசிப் பை தொங்கவிட்டு ஸ்கேல் வச்சு அளந்து, நோட்டுல தேதி போட்டு எழுதிக்கங்க. மாசாமாசம் அளங்க. அதே எடைக்கு முன்னைவிட அதிகமா இறங்கினா, அந்த வாலுக்கு ரிட்டையர்மென்ட். நம்பர் இல்லாத ஃப்ளெக்ஸ் வெறும் பேனர்தான். அவிழ்த்துக் கீழ போடுங்க.

பி.கு: 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா'ன்னு பின்னூட்டம் போட ரெடியா இருக்குற அண்ணாச்சிகளுக்கு: வளையும் அண்ணாச்சி. அஞ்சு நாட்டுக்கும் ஐம்பது நாட்டுக்கும் விசை நூறு மடங்கு. வளைஞ்சே தீரும் :-)