உண்ணிச் செடியில் எழுந்த யானை

"தறிக்குக் கூலி உயரவில்லை, யானைக்குச் சிலை ஒரு கேடா?" என்று சோமனூர்த் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் விசைத்தறிகள் நின்ற வட்டாரம் அது. தறி ஓடாத நாளில் அடுப்பு எரியாது என்பதை அறிந்தவரின் கேள்வியில் நியாயம் உண்டு. நியாயமான கேள்விக்கு நேரான பதில் தருவது நம் கடமை.

முதலில், அந்த யானையைச் செய்தவர் யார்? அரண்மனைச் சிற்பியா? அல்ல. நீலகிரி கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக்குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும், அவர்களோடு சோளகரும்! காட்டில் மண்டிய உண்ணிச் செடியை வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துப் பின்னி, யானையின் முழு உயரத்துக்கே யானை செய்தார்கள். ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் உலவும் உண்மை யானையின் உருவம். 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றது அந்தக் கூட்டம். 2024-இல் நூறு யானைகள் அமெரிக்கா போய், நியூயார்க் தெருவிலும் நின்றன.

அந்த உண்ணிச் செடிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளையன் தன் தோட்டத்துக்கு அழகு தேடிக் கொண்டுவந்தான். தோட்டத்தைத் தாண்டியது செடி, காட்டை விழுங்கியது. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் அது பரவிவிட்டது என்றது 2020-இல் வெளிவந்த ஆய்வு. வெப்பம் ஏறுகிறது, மழை தவறுகிறது, காட்டுத்தீ பரவுகிறது. புல் கருகிப்போன இடத்தில் உண்ணி தழைக்கிறது. புல் போனால் யானைக்குச் சோறு போயிற்று. குட்டை வற்றினால் தண்ணீர் போயிற்று. பசித்த யானை பாக்குத் தோப்பையும் வாழைத் தோட்டத்தையும் தேடி வருகிறது. உழவன் உயிரும் போகிறது. யானை உயிரும் போகிறது.

கோவை இதை அறியாததா? 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே தண்டவாளத்தில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. அதற்கு வெயில்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். யானையின் வழியில் தண்டவாளம் போட்டவன் மனிதன். கழக ஆட்சியில், 2024-இல், மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்துக் காவல் போட்டோம். நல்ல பணி! ஆனால் கேமரா ரயிலை எச்சரிக்கும், மழையைப் பொழிவிக்காது.

தோழரே, இப்போது உம் கேள்விக்கு வருகிறோம். உம் ஊர்ப் பக்கம் ஓடும் நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. யானை வாழும் மலை அது! சாயமும் சாக்கடையும் ஏற்கெனவே கெடுத்த ஆற்றுக்கு, காடும் கெட்டால் என்ன மிஞ்சும்? யானையின் குட்டையை வற்றச் செய்யும் அதே வெயில்தான், கூரைத் தகட்டுக்குக் கீழே பன்னிரண்டு மணி நேரம் தறியோடு நிற்கும் உம்மையும் வாட்டுகிறது. யானையின் வழக்கும் உம் வழக்கும் ஒரே வழக்கு.

அந்த வழக்கை அறிக்கையில் எழுதலாமே, கலை எதற்கு என்பீர். நம் இயக்கத்தையே கேளுங்கள்! ஆயிரம் துண்டறிக்கை செய்யாததை ஒரு நாடகம் செய்தது. அதனால்தான் 1954-இல் நாடகத்துக்கே கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். ஆள்வோரை அஞ்சவைத்தது அறிக்கையா? அரங்கம்!

உண்ணி யானை லண்டனுக்குப் போனதில் தவறில்லை. புகையைக் கக்கிப் பொருள் குவித்த நாடுகளின் நெஞ்சுக்கு நேரே, புகை கக்காத பழங்குடியின் சாட்சி நின்றது. ஆனால், நியூயார்க் பார்த்ததைச் சோமனூர்ச் சந்தை பார்க்க வேண்டாமா? யானையோடு மல்லுக்கு நிற்கும் தொண்டாமுத்தூர் உழவன் பார்க்க வேண்டாமா?

மன்றத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: அடுத்த ஆண்டு விழாவில் தலைவர் படம் போட்ட பிளெக்ஸ் பத்தைக் குறையுங்கள். பிளெக்ஸ் வந்து பிழைப்பிழந்த சுவர் ஓவியரை அழையுங்கள். ஒரு சுவரைக் கொடுங்கள். பேசிய கூலியைக் கையில் கொடுங்கள். தறிக்கூடக் கழிவு நூலில் பிள்ளைகள் ஒரு யானை பின்னட்டும். கண்ணீர் விடும் யானையை மட்டும் காட்டாதீர்கள். அதன் எதிரே வாழையை இழந்து நிற்கும் உழவனையும் காட்டுங்கள். இருவரையும் மோதவிட்ட வெயிலையும் புகையையும் காட்டுங்கள். பாதியைச் சொல்லும் கலை பரிதாபம் தேடும். முழுதும் சொல்லும் கலைதான் நியாயம் கேட்கும்.

காட்டைத் தின்ற களையையே யானையாக்கினான் பழங்குடித் தோழன். பாவும் ஊடையும் கோத்துத் துணியாக்கும் கைக்கு, அது முடியாத வேலையா?