பிள்ளையின் விரலைக் குறை சொல்லாதீர்கள்

விலை குறைந்த கிடாரைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் புதுச்சேரியில் அதிகம். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லித்தருகிற எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு வரும் பிளைவுட் கிடார்களில் பல வாசிக்கத் தகுந்தவைதான். சரிபார்க்காமல் அட்டைப்பெட்டியில் வந்தபடியே விற்றுவிடுகிறார்களே, அதுதான் குறை.

குருசுக்குப்பத்திலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் வருகிற பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கோவில் பாடற்குழுவில் வாசிக்க வேண்டும் என்று ஆசையாக வாங்கியிருப்பார்கள். சில வாரங்களில் விரல்நுனி கன்றிப்போய் நின்றுவிடுவார்கள். "அவனுக்கு வராது மாஸ்டர்" என்பார் அப்பா. கிடாரை வாங்கிப் பார்த்தால் கம்பிகள் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டிகளைவிட்டு எக்கச்சக்க உயரத்தில் நிற்கும். நானே அழுத்தச் சிரமப்படுவேன்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த கம்பிக்குக் கீழே அவை உரசாமல் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம். இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு நெக் என்ற கழுத்துப் பகுதியை இழுக்கின்றன. அது வளையத்தான் செய்யும். அதற்காகத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அது இல்லாத கிடாரைத் தவிர்த்துவிடுங்கள். ட்ரஸ் ராடைக் கொஞ்சம் முறுக்கி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சேடிலின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் பெரும்பாலான கிடார்கள் வழிக்கு வந்துவிடும்.

வழிக்கு வராதவையும் உண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை மெல்லத் தொட்டு மீட்டிக் கேளுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். புதுக் கம்பி போட்டு உயரத்தைக் குறைத்த பிறகும் நன்றாகவே விலகினால், நெக் முறுக்கியிருந்தால், பிரிட்ஜ் பலகையைவிட்டு எழும்பியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிளைவுட்டின் நாதம் கெட்டிப்பலகைக்கு ஈடாகாது, உண்மை. ஆனால் மரக் கிடாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது என்பார்கள். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த அருமையான கெட்டிப்பலகைக் கிடார் ஒன்று, ஐப்பசி மழையில் உப்பிக் கம்பி உயர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அந்த அளவுக்கு அசைவதில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கம்பியை மட்டும் வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, அவ்வப்போது மாற்றினால் போதும்.

1982-ல் பாரிசில் தொடங்கிய ஃபெத் த லா மியூசிக் விழாவை நம் ஊரும் ஜூன் 21-ஐ ஒட்டிக் கொண்டாடுகிறது. யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. குப்பத்துப் பிள்ளையும் அங்கே நிற்க வேண்டுமென்றால் இந்த மலிவுக் கிடார்தான் வழி.

கடைக்காரர்களே, கம்பி உயரத்தைச் சரிசெய்துவிட்டு விற்பனை செய்யுங்கள். அதற்கான கூலியை விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, அதைச் செய்து தராத கடையில் வாங்காதீர்கள்.