வீட்டுக் கூடத்தில் ஒரு போர் ஹெலிகாப்டர்

ஆவடி என்றால் டாங்கி. டாங்கி என்றால் ஆவடி. 1961-ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் பிறகு டி-72 டாங்கிகளும், டி-90 டாங்கிகளும், அர்ஜுன் டாங்கிகளும் அங்கிருந்தே ராணுவத்துக்குப் போயின. ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் வட்டாரத்தில் அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய குடும்பங்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்து வாலிபன் கல்லூரி விட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவதாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு போர் ஹெலிகாப்டர் கிளம்புகிறது. குன்றின் மறைவிலிருந்து மெல்லத் தலையை நீட்டுகிறது. கீழே சாலையில் வரிசையாகச் செல்லும் டாங்கிகளைக் குறி பார்க்கிறது. அவை என்ன டாங்கிகள் என்று பார்த்தால், டி-72! தகப்பனார் பகலெல்லாம் பாடுபட்டுச் செய்த அதே ரக டாங்கியை மகன் மாலையில் தேடித் தேடி அழிக்கிறான்.

இது வேடிக்கைதான். ஆனால் வேடிக்கையோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல. வீட்டில் இருந்தபடியே போர் ஹெலிகாப்டர் ஓட்டும் இந்தப் பாவனைப் பயிற்சி வெறும் பொழுதுபோக்கா? உருப்படியான வித்தையா? அல்லது யுத்தத்தை விளையாட்டாக்கிவிடும் விபரீதமா? மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எந்த உண்மை மேலோங்குகிறது என்பது விளையாடுகிறவனைப் பொறுத்தது. வீட்டில் உள்ள பெரியவர்களையும் பொறுத்தது.

சுடுவது சுலபம், நிற்பது கஷ்டம்

இந்த வகை விளையாட்டுகளில் பேர் பெற்றது டி.சி.எஸ். என்பது. 2008-ல் அதில் ருஷ்யாவின் கா-50 ஹெலிகாப்டர் வந்தது. 2013-ல் அமெரிக்காவின் ஹ்யூயியும் ருஷ்யாவின் மி-8-ம் வந்தன. 2021-ல் மி-24, 2022-ல் அப்பாச்சி. மி-8, மி-24 குடும்பத்து ஹெலிகாப்டர்கள், அப்பாச்சி ஆகிய மூன்றுமே இந்திய விமானப் படைக்கு உழைத்தவை.

பொத்தானை அமுக்கினால் பறக்கும் சங்கதி அல்ல இது. பாட்டரியைப் போட வேண்டும். எரிபொருள் குழாயைத் திறக்க வேண்டும். என்ஜின்களை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். விசிறி முழு வேகம் பெறும் வரை காத்திருக்க வேண்டும். வரிசை தவறினால் யந்திரம் கிளம்பாது. ஒரு ஹெலிகாப்டரை ஓட்டக் கற்பிக்கும் புத்தகமே பல நூறு பக்கம்.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை. இடது கையில் ஒரு நெம்புகோல், மோட்டார் காரின் கை பிரேக் போல. அதை உயர்த்தினால் தலைமேல் சுழலும் இறக்கைகள் எல்லாம் காற்றை அதிகமாகக் கடிக்கும், ஹெலிகாப்டர் எழும்பும். வலது கையில் ஒரு கோல். அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் யந்திரம் நகரும். காலடியில் இரண்டு மிதிகள். அவை மூக்கைத் திருப்பும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் இடக்கை நெம்புகோலை உயர்த்தியதுமே உடல் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க மிதியை அழுத்தினால் வால் விசிறி யந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதைச் சரிசெய்ய வலக்கைக் கோலைச் சாய்த்தால் உயரம் குறையும். மறுபடியும் இடக்கைக்கு வேலை. ஒன்றைத் தொட்டால் மூன்றும் அசையும். குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகிய நாட்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான் இங்கே இல்லை.

டாங்கியைக் குறி பார்த்துச் சுடுவதைச் சில மாலைகளில் கற்றுவிடலாம். பத்தடி உயரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதைக் கற்கப் பல வாரம் ஆகும். பதறுகிறவனுக்கு ஹெலிகாப்டர் பிடிகொடுக்காது. செங்குத்தாக வேகமாக இறங்கினால் ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுச் சுழலிலேயே தான் மாட்டிக்கொள்ளும். விழுகிறோமே என்று பயந்து நெம்புகோலை உயர்த்தினால் இன்னும் வேகமாக விழும். பழகிய விமானி சுழலை விட்டு முன்னோக்கி நகர்ந்து தப்புவான். வானத்தில் என்ஜின் நின்றுபோனால் நெம்புகோலை உடனே இறக்க வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். தரை நெருங்கும் சமயத்தில் நெம்புகோலை உயர்த்தி மெதுவாக இறங்கலாம். மனம் எதைச் செய்யச் சொல்லிக் கத்துகிறதோ அதைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி இது.

பொம்மையாய்ப் பிறந்த பள்ளிக்கூடம்

'எத்தனை சொன்னாலும் இது பொம்மை விளையாட்டுத்தானே?' என்று கேட்கலாம். பாவனை விமானத்தின் கதையே பொம்மையில் தொடங்கியதுதான்.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே மகன் ஒரு விமானப் பெட்டியைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து கோலை ஆட்டினால் பெட்டி சாயும், திரும்பும். 1929-ல் அது உருவானபோது விமானப் பள்ளிகள் அதை அலட்சியம் செய்தன. பொருட்காட்சிக்காரர்கள்தான் வாங்கிப் போய்க் காசுக்கு ஏற்றிச் சுற்றினார்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பொறுப்பை ஏற்றார்கள். பனியிலும் இருட்டிலும் வழி தெரியாமல் பலர் விழுந்து மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவத்துக்கு லிங்க்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. முதலில் ஆறு பெட்டிகளை வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் இருட்டில் பறக்கக் கற்றார்கள். பொம்மை என்று தள்ளியது உயிர்களைக் காத்தது.

ஆகவே பொம்மை என்பதாலேயே இதை இகழ வேண்டியதில்லை. அதே சமயம், வீட்டுத் திரையில் பறந்துவிட்டோம் என்று எந்த வாலிபனும் தன்னை விமானி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆவடியில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அரக்கோணம். அங்கே 1992-ல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளத்துக்கு 'ராஜாளி' என்று நல்ல தமிழ்ப் பெயர். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் நடக்கிறது. அங்கே கற்பவன் காற்றின் உதைப்பைத் தன் முதுகெலும்பில் உணருகிறான். வீட்டில் இருப்பவனுக்கு நாற்காலி அசைவதில்லை. தவறு செய்தால் அங்கே உயிர் போகும். இங்கே 'மறுபடியும் தொடங்கு' என்று திரை கேட்கும்.

படிப்பு என்னாவது?

பெற்றோரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. நல்ல கம்ப்யூட்டர், கைக்கோல், கால் மிதி என்று வாங்கத் தொடங்கினால் பல ஆயிரம் ரூபாய் கரையும். ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் தனி விலை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்க்கும் பணத்தில் இது சிறிய தொகை அல்ல. இரவு பத்து மணிக்குக் கிளம்பும் ஹெலிகாப்டர் சில வீடுகளில் இரண்டு மணிக்குத்தான் இறங்குகிறது. மறுநாள் பரீட்சை என்றாலும் அப்படித்தான்.

ஆனால் எல்லாக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுக்கொண்டே ஓடும் விளையாட்டு வேறு; பல நூறு பக்கம் படித்து, காற்றின் கணக்கைப் புரிந்துகொண்டு, வாரக்கணக்கில் தோற்றுத் தோற்று நிற்கப் பழகும் இது வேறு. பௌதிகப் பாடத்தில் வெறும் வாய்பாடாகக் கிடந்த சுழல் விசை, இங்கே கையையும் காலையும் பிடித்து ஆட்டுகிறது. மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் இது பொருந்தும். 1990-களிலிருந்தே விமானப் படையில் பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்டி வருகிறார்கள்.

கீழே இருப்பவர்கள்

பணமும் படிப்பும் வீட்டுக்குள் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள். அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. இது போர் விளையாட்டு. இதில் பார்க்கிறவன் எப்போதும் மேலே இருக்கிறான். கீழே இருப்பவை புள்ளிகள். புள்ளி புகைந்தால் மதிப்பெண்.

உலகில் வேறு யார் மறந்தாலும் தமிழர்கள் மறக்கக் கூடாத ஒன்று இங்கே இருக்கிறது. 1987 அக்டோபர் 11-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதி காக்கும் படையினரை மி-8 ஹெலிகாப்டர்கள் இறக்கின. கீழே புலிகள் காத்திருந்தார்கள். குண்டு மழையில் அடுத்த அணிகளைக் கொண்டுவர முடியாமல் போயிற்று. இறங்கிய சீக்கியப் படைப் பிரிவினர் முப்பது பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் மாண்டார்கள். அந்த மி-8-தான் இன்று திரையில் விற்கப்படுகிறது. வாங்குகிறவனுக்கு அந்த மைதானம் தெரியாது.

அந்த யுத்தத்தில் வானிலிருந்து சுடும் ஹெலிகாப்டர்களும் பறந்தன. பின்னாளில் இலங்கை விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் பறந்தன. அந்த ஓசை கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்களில் பலர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அம்பத்தூரிலிருந்து அதிக தூரம் இல்லாத புழலிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. திரையில் ராக்கெட் விட்டுக் கைதட்டுகிற பிள்ளை ஒரு மாலை அங்கே உள்ள ஒரு பாட்டியிடம் ஹெலிகாப்டர் என்றால் என்ன என்று கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

மொட்டை மாடியில் நின்றவர்கள்

அதே ஓசை கடவுளின் குரலாகக் கேட்ட நாளும் உண்டு. அது இந்தப் பகுதி மக்களுக்கே தெரியும்.

2015 டிசம்பர் 1-ந் தேதி பெருமழை. பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. கீழ்த்தளம் மூழ்கி, மக்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே தண்ணீர் புகுந்தது. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் புறப்பட்டன. விமானப் படை, கடற்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. மாடிகளில் நின்றவர்களைக் கயிற்றில் தூக்கின. தூக்கப்பட்டவர்களில் நிறைமாதக் கர்ப்பிணியும் ஒருவர். பின்னர் அவருக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று.

அந்தக் கயிறு இறங்கிய நிமிஷத்தில் விமானி என்ன செய்தார்? எதையும் சுடவில்லை. வேகமாகப் பறக்கவும் இல்லை. மின்கம்பிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே, ஒரே இடத்தில், அசையாமல் நின்றார். வீட்டுத் திரையில் வாலிபர்கள் வாரக்கணக்கில் திணறுகிறார்களே, அந்த வித்தைதான் அன்று உயிர்களைக் காத்தது. ஆகாய விமானத்தால் முடியாதது அது. ஹெலிகாப்டர் பிறந்ததே அதற்காகத்தான்.

என்ன செய்யலாம்?

ஆகவே இந்த விளையாட்டைத் தடை போட்டு அடக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவும் வேண்டாம். வீட்டுக்கு இரண்டு மூன்று விதிகள் போதும்.

நேரத்துக்கு வரம்பு இருக்கட்டும். முதல் பாடம் நிற்பதும் இறங்குவதும். அதில் தேறிய பிறகே ஆயுதம். பெற்றோரும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, கோலைப் பிடித்துப் பார்க்கட்டும். அரை நிமிஷத்தில் தலைகீழாக விழுந்த பிறகு, பிள்ளை எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பது விளங்கும்.

இன்னொன்றும் செய்யலாம். இந்த விளையாட்டில் போர்க்களங்களை விளையாடுகிறவர்களே அமைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஹ்யூயியிலும் மி-8-லும் அடியில் கயிறு கட்டிச் சரக்குத் தூக்கவும் வழி இருக்கிறது. அதில் சென்னை நகரம் இல்லை; காக்கசஸ் மலையும் வேறு நாட்டு நிலங்களும்தான் இருக்கின்றன. இருந்தாலும் என்ன? அங்கே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, அதை வெள்ளம் சூழ்ந்த ஊராகப் பாவித்து, மூட்டைகளை ஒவ்வொரு கட்டடத்தின் அருகிலும் நோகாமல் இறக்கி வைக்க வேண்டும் என்று நண்பர்கள் பந்தயம் கட்டிக்கொள்ளலாம். பத்து டாங்கியை எரிப்பதைவிட இது கஷ்டம் என்பது முதல் மூட்டையிலேயே தெரிந்துவிடும்.

ஒரே கோல், ஒரே மிதி, ஒரே விசிறி. அதைக் கொண்டு அழிக்கவும் முடியும், காக்கவும் முடியும். அழிப்பதற்கு வேகம் போதும். காப்பதற்கு நிற்கத் தெரிய வேண்டும். பிள்ளைகள் முதலில் நிற்கக் கற்கட்டும்.