முழங்காலுக்கு மருந்து மட்டும் போதாது, நேரமும் வேண்டும்

சிலாபம் முதல் கற்பிட்டி வரை தென்னந்தோட்டங்களிலும் தும்பு ஆலைகளிலும் உப்பளங்களிலும் உழைக்கும் எமது அங்கத்தவர்கள் ஒன்றுகூடினால், சம்பளத்துக்கு அடுத்தபடியாகப் பேசுவது கால்வலியைத்தான். நாள்முழுவதும் குந்தியிருந்து தும்பு பிரிப்பவருக்கு முழங்கால் வலி. தேங்காய்த் துருவல் ஆலையின் ஈரச் சீமெந்துத் தரையில் நின்று வேலை செய்பவருக்குக் குதிக்கால் வலி. உப்பு வாரிச் சுமப்பவருக்கு இரண்டும்.

பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. ஊசி போடுவதா, ஒப்பரேஷன் செய்வதா, எண்ணெயைப் பூசிக்கொண்டு காலத்தைத் தள்ளுவதா? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். ஆனால் ஒரே நோயுள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு சிகிச்சை கொடுத்து, யாருக்குக் குணம் கூடுதல் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உலகில் இருக்கின்றன. அவற்றின் பெறுபேறுகள் தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் முழங்கால். தேய்ந்த மூட்டுக்குள் சிறு துளை வழியாகக் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சத்திரசிகிச்சையை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் பரிசோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் பார்த்தும் இரு பகுதியினருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வு வெளியானது 2002இல்.

அடுத்தது ஊசி. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்ந்த 156 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீரொயிட் ஊசியும் மறுபாதிக்கு இயன்மருத்துவப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களுக்கே வலி குறைவு, நடமாட்டமும் நன்று.

அப்படியானால் மூட்டு மாற்றுவது வீணா? இல்லை. டென்மார்க்கில், மூட்டு மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட 100 பேரை ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மூட்டை மாற்றி, அதன்பின் 12 வாரப் பயிற்சி. மறுபாதிக்கு மூட்டு மாற்றாமல் அதே 12 வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை, பாதத் தாங்கி, வலி மாத்திரை. ஓராண்டில் மூட்டு மாற்றியவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அவர்களிடையே பாரதூரமான பக்கவிளைவுகள் 24; மறுபக்கத்தில் 6. மூட்டு மாற்றாத 50 பேரில் ஓராண்டுக்குள் அதை நாடிப் போனவர்கள் 13 பேர் மட்டுமே. ஆகவே முற்றிய நிலையில் சத்திரசிகிச்சை பலன் தரும். அதற்கு முன் பயிற்சியை முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு.

இனிக் குதிக்கால். ஸ்டீரொயிட் ஊசி ஏறத்தாழ ஒரு மாதம்வரை வலியைச் சற்றுக் குறைக்கலாம், அதற்குப்பின் பலன் தெரியவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2017இல் கூறினார்கள். 2014இல் டென்மார்க்கில் 48 பேரிடம் ஒரு பயிற்சியைப் பரிசோதித்தார்கள். சுருட்டிய துவாயைக் கால்விரல்களின் கீழ் வைத்துப் படியில் நின்று, குதிக்காலை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில், வழக்கமான நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு நல்ல குணம். ஓராண்டில் இரு பிரிவும் சமம்.

(முழங்கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் இறுகிவிட்டாலோ, சீனி வியாதிக்காரரின் காலில் புண் வந்தாலோ, பயிற்சி செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.)

இந்த முடிவுகளில் தொழிலாளிக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பெரும்பாலானோருக்கு முதலில் பலன் தருவது விலை குறைந்த சிகிச்சையே. ஆனால் அதற்கு வேண்டிய 12 வாரம் யாரிடம் இருக்கிறது? கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. உரித்த தேங்காய்க்குக் கணக்குப் பார்த்துக் கூலி வாங்குபவர், காலை ஆற விட்டால் அடுப்பும் ஆறிவிடும். அதனால் ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாளே அதே தரையில் நிற்கிறார். எந்த ஆய்விலும் பலன் கண்டவர்களுக்குப் பயிற்சி செய்ய நேரம் இருந்தது. அந்த நேரத்தை மறுத்துவிட்டு, “சொன்ன பயிற்சியைச் செய்யவில்லை” என்று தொழிலாளியைக் குறை சொல்வது அநியாயம்.

எமது மாவட்டத்தின் லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிலையம் 90 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. மரத்தின் நோய்க்கு இவ்வளவு அக்கறை காட்டும் நாடு, மரத்தடியில் உழைப்பவரின் முழங்காலுக்கும் கொஞ்சம் காட்டட்டும். குந்தியிருந்தும் முழந்தாளிட்டும் நீண்டகாலம் வேலை செய்வதால் வரும் முழங்கால் சவ்வுக் கேட்டை, சர்வதேச தொழில் அமைப்பு 2010ஆம் ஆண்டின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜேர்மனியில் 2009 முதல், வேலை முறைக்கு ஒரு மணித்தியாலமாவது முழங்காலுக்குச் சுமை கொடுத்து மொத்தம் 13,000 மணித்தியாலம் உழைத்தவரின் முழங்கால் தேய்வைத் தொழில்சார் நோயாக ஏற்கலாம். நாளுக்கு 5 மணித்தியாலம், ஆண்டுக்கு 250 நாள் குந்தியிருப்பவர் பதினோராம் ஆண்டிலேயே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். எமது பெண்கள் பலர் அதைத் தாண்டிப் பல காலம்.

ஆகவே நிர்வாகங்களிடமும் தொழில் திணைக்களத்திடமும் நாம் கேட்பது இவைதான்:

கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும்.

வைத்தியர் எழுதிக்கொடுத்தால் 12 வாரம் இலேசான வேலை, கூலி குறையாமல் வேண்டும்.

குந்தியிருப்பவருக்கு உயரமான பலகையும், நிற்பவருக்கு இறப்பர் விரிப்பும் நல்ல பாதணியும் வேண்டும்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் நோய் அட்டவணையில், எமது வேலைகளால் வரும் முழங்கால் நோய் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

கால்வலியால் சம்பளம் இழந்த நாட்களை இன்றே குறித்துவைக்கத் தொடங்குங்கள், தோழர்களே. கிளினிக் துண்டையும் எறிய வேண்டாம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் கொண்டு போகும் சாட்சி அதுதான்.