கரையும் ஒரு வகுப்பறையே

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதென்றால், நம்மவர்கள் அதை இன்பச் சுற்றுலாக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். புளிச்சோற்றுப் பொட்டலம், இரட்டை வரிசை, ‘தண்ணீரில் இறங்காதே’ என்ற அதட்டல், அத்துடன் சரி. அதை அறிவியல் பாட வேளையாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்து மக்களுக்கு அவை வடகடலும் தென்கடலும். ஆடியில் கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடக்கும். மார்கழியில் வாடை வந்தால் நிலைமை தலைகீழ். கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் விளங்காத பருவக்காற்று, ஒரே காலையில் இரு கரையிலும் நின்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

பெருஞ்செலவும் இல்லை. நீர்விளிம்பில் மணிக்கொரு முளைக்குச்சி நட்டால் கடல் ஏறுவதும் வற்றுவதும் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சினால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். கரையொதுங்கிய சங்குப்பூவைக் கையில் கொடுத்து, “இது பூவா?” என்று கேட்க வேண்டும். (அது சங்கின் முட்டைக் கூடு!) உயிருள்ளவற்றைக் கண்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும், கடல் அட்டையைத் தொடவே கூடாது, அது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்போடு நின்ற என் தந்தை, நீவாடு எப்பக்கம் இழுக்கிறது என்று வலை போடுமுன்பே சொல்லிவிடுவார். பள்ளியில் எனக்கு ‘நீரோட்டம்’ என்று கற்பித்தார்கள். இரண்டும் ஒன்றே என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது அறிவியல் அல்ல என்ற எண்ணத்தோடு எத்தனை மீனவப் பிள்ளைகள் வளர்கிறார்கள்! ஆகவே அந்தப் பாட வேளையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு மீனவரும் நிற்கட்டும்.

ஆபத்தல்லவா என்பார்கள். முழங்கால் நீருக்கு மேல் போகவேண்டியதில்லை. மேலும், 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஒரு கடற்கரையில் நீர் நுரைத்த விதத்தைக் கண்டு ஆழிப்பேரலை வருமென எச்சரித்துப் பலரைக் காத்தவள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதுதான் அவளுக்குக் கைகொடுத்தது.

நம் விலங்கியல் துறை மாணவர் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் வீதம் பொறுப்பேற்றால் போதும். பேராசிரியப் பெருமக்கள் இசைந்து ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுக்கட்டும். முளைக்குச்சிகளை நான் சீவிக்கொண்டு வருகிறேன்.