சுகர் இருப்பவர்களுக்கு பிபி மாத்திரை: 'நார்மல் ஆயிடுச்சு' என்று நிறுத்தலாமா? 10 ஆண்டு ஆய்வு சொல்வது என்ன?

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லோடு ஏற்றி வடமாநிலம் கிளம்பும் லாரி ஊர் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். திருச்செங்கோடு ரிக் வண்டிகளில் போகிறவர்கள் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார்கள். சுகர், பிபி இரண்டும் உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதி வழியில் மாத்திரை தீர்ந்துவிடும். "தலைசுத்தல் ஒண்ணும் இல்லீங்களே, ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

அந்த இடைவெளி அவ்வளவு பெரிய விஷயமா?

சுகரும் பிபியும் சேர்ந்தால் என்ன ஆபத்து?

சர்க்கரை அளவு கூடினால் ரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படும். அதே குழாயில் ரத்தம் அதிக அழுத்தத்தில் ஓடினால் சேதம் வேகமாகும். முதலில் அடி வாங்குவது கண், கிட்னி போன்ற இடங்களில் உள்ள நுண்ணிய குழாய்கள். பக்கவாதம், மாரடைப்பு ஆபத்தும் கூடும். இத்தனைக்கும் பெரும்பாலானவர்களுக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

பிபியை கட்டுப்படுத்தினால் எவ்வளவு பலன்?

இதற்கு தெளிவான பதில் தந்தது பிரிட்டனில் நடந்த 'யுகேபிடிஎஸ்' ஆய்வு. டைப் 2 சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் உள்ள 1,148 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவின் சராசரி பிபி 144/82. மற்ற குழுவுக்கு 154/87. வித்தியாசம் வெறும் 10 புள்ளிதான்.

1998-ல் வெளியான முடிவில், பிபி குறைவாக இருந்த குழுவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோய் சார்ந்த மரணங்கள் 32 சதவீதமும், கண், கிட்னி போன்ற நுண்குழாய் பாதிப்புகள் 37 சதவீதமும் குறைந்தன.

ஆய்வு முடிந்த பிறகு என்ன நடந்தது?

ஆய்வு முடிந்ததும் 'இந்த அளவில்தான் பிபியை வைக்க வேண்டும்' என்ற ஏற்பாடும் முடிந்தது. ஆனால் அதே நோயாளிகளை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தனர். 2 ஆண்டுகளுக்குள் இரு குழுக்களின் பிபியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பாதுகாப்பும் நீடிக்கவில்லை. 2008-ல் வெளியான முடிவு இது.

சர்க்கரை விஷயத்தில் கதை வேறு. ஆரம்பத்திலேயே சுகரை கட்டுப்படுத்தியவர்களுக்கு 10 ஆண்டுகள் கழித்தும் பலன் தொடர்ந்தது. வங்கியில் போட்ட பணம் போல அது சேர்ந்து நின்றது. பிபி கட்டுப்பாடோ குடை மாதிரி. பிடித்திருக்கும் வரைதான் நனையாமல் இருக்க முடியும்.

பல நாடுகளில் நடந்த 'அட்வான்ஸ்' ஆய்வில், சிகிச்சைக் காலம் முடிந்து 6 ஆண்டுகள் ஆன பிறகும் கொஞ்சம் பலன் மிஞ்சியிருந்தது. ஆனால் அதுவும் முன்பைவிட குறைந்துதான் இருந்தது.

பிபியை எவ்வளவு குறைக்கலாம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு 130/80-க்குள் வைப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. மேல் அளவை 120-க்குள் கொண்டுவரலாமா என்பதில் விவாதம் உண்டு. 2010-ல் வெளியான 'அக்கார்ட்' ஆய்வில் அப்படிச் செய்தவர்களுக்கு பக்கவாதம் குறைந்தது, ஆனால் ஒட்டுமொத்தமாக பெரிய பலன் தெரியவில்லை, பக்கவிளைவுகளும் கூடின. சீனாவில் 12,821 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 21 சதவீதம் குறைந்தன. எனவே வயது, கிட்னி நிலை, தலைசுற்றல் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2020-ல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, மாநிலத்தில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பிபி கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளியைக் குறைக்க 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சுகர், பிபி மாத்திரைகள் இப்போது வீட்டு வாசலுக்கே வருகின்றன.

ஆனால் மாத்திரை வாசலுக்கு வரும்போது, அதைச் சாப்பிட வேண்டியவர் நாக்பூர் ரோட்டில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கலாம்!

வெளியூர் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன் பயண நாட்களைச் சொல்லி, கூடுதலாக சில நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை கேட்டு வாங்கலாம்.
* மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்களில் உள்ள மக்கள் மருந்தகங்களிலும் பிபி மாத்திரைகள் குறைந்த விலையில் கிடைக்கும்.
* மாத்திரை சாப்பிட்டு தலைசுற்றினால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பிபி நார்மல் என்று காட்டினால், பெரும்பாலும் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.