வணிகரின் பயணமும் செயற்கை நரம்பணுக்களும்

ஒரு வணிகர் பத்து ஊர்களுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரையும் ஒருமுறை மட்டுமே தொட்டு, புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மிகக் குறுகிய வழி எது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் வழிகளோ 1,81,440! ஊர்கள் முப்பதானால், எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பது எந்தக் கணிப்பொறிக்கும் இயலாத செயல்.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் ஜான் ஹாப்ஃபீல்டும் டேவிட் டேங்கும் இதற்கொரு புதுவழி கூறினர். மூளையின் நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று பிணைந்த மின்சுற்று அது. பத்து ஊர்களுக்கு நூறு செயற்கை நரம்பணுக்கள். பயணத்தின் தூரமும் விதிமீறல்களும் 'ஆற்றல்' என்ற ஒரே கணக்கில் சேரும். சரிவில் விட்ட பந்து பள்ளத்தை நோக்கி உருள்வதுபோல, மின்சுற்றும் ஆற்றல் குறைந்த நிலையைத் தானே நாடும். அந்நிலையே விடை. என்ன அழகான கற்பனை!

ஆனால் பந்து பாதிவழிக் குழியிலும் சிக்கிக்கொள்ளும் அல்லவா? 1988-இல் வில்சன், பாலி என்னும் இருவர் அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தனர். பெரும்பாலும் முறையான பயணமே கிடைக்கவில்லை என்று, முதல் கட்டுரை வெளிவந்த அதே ஆய்விதழில் எழுதினர். மறுபுறம், சாதாரணக் கணிப்பொறிகளைக் கொண்டே 85,900 இடங்களுக்கான மிகக் குறுகிய வழி 2006-இல் கண்டறியப்பட்டது.

அப்படியானால் நரம்பணுக் கருவிகள் வீணா? இல்லை என்பதே என் கருத்து. நடைமுறையில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் முழுமையான விடையன்று. உரிய நேரத்தில், குறைந்த மின்செலவில் கிடைக்கும் நல்ல விடை. 2024-இல் இன்டெல் நிறுவனம் 115 கோடி செயற்கை நரம்பணுக்கள் கொண்ட 'ஹாலா பாயிண்ட்' கருவியை அறிவித்ததும் இத்தகைய நம்பிக்கையில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. புதிய கருவியை நோஞ்சானோடு மோதவிட்டு வெற்றிமாலை சூட்டக்கூடாது. பழைய முறைகளில் சிறந்ததோடு, அதே நேரத்தில், அதே மின்செலவில் போட்டியிடட்டும். தோல்விகளையும் மறைக்காமல் எழுதட்டும்.

ஹாப்ஃபீல்டுக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது, மகிழ்ச்சி. வில்சனையும் பாலியையும் அறிந்தவர் சிலரே. எனினும், பிறர் செய்ததைத் திரும்பச் செய்து பார்த்து உண்மையைச் சொன்ன அவர்களும் அறிவியலுக்குத் தொண்டு செய்தவர்களே. ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, பக்கத்து மேசையின் விடையை எழுதிக்கொள்ளும் மாணவ நண்பர்களே, நான் உட்பட நாம் அனைவரும் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமா?